கண்டும் காணாமல்

ருக்குமணி காம்ப்ளெக்ஸின் வாசல் திரையில் எப்போதும் பதினான்கு பச்சை வரிகள் இருக்கும். கடைக்கு ஒரு வரி. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்த கட்டட உரிமையாளர் மருதாசலம், ஒன்பதாவது வரி மஞ்சளாகியிருப்பதைப் பார்த்தார்.

‘கடை எண் 9, இரண்டாம் தளம். பயன்பாட்டு மீறல்: வசிப்பு. வயது வந்த நபர் ஒருவர், ஐந்து இரவுகள். சரிசெய்ய அவகாசம்: ஏழு நாள்.’

ஒன்பதாம் எண் பிலோமினாவின் பல் லேப். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதை வைத்துப் பல் செட்டும் உறையும் செய்து கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக அதே கடை. இந்தத் திரை வந்த ஆறு வருடத்தில் அவளுடைய வரி ஒருநாளும் நிறம் மாறியதில்லை.

மருதாசலம் மேலே போனார். பிலோமினா பிளாஸ்டர் படிந்த கைகளோடு நின்றிருந்தாள். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்கவில்லை.

“மெஷின் ஏதாச்சு தப்பாப் பாத்திருக்கும்னு நெனச்சேனுங்கம்மா,” என்றார்.

“இல்லீங்ண்ணா. சரியாத்தான் பாத்திருக்கு.”

உலை வைத்திருந்த உள்ளறையின் திரைச்சீலையை அவள் விலக்கினாள். தரையில் ஒரு பாய். அதில் அவள் மகள் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். அந்த உலைச் சூட்டிலும் முழுக்கைச் சட்டை. பள்ளிக்கூட யூனிஃபார்மோடு இந்த மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவரிடம் அவள் ஒருநாளும் அப்படி ஒதுங்கியதில்லை.

“கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களே,” என்றாள் பிலோமினா. “ரெண்டு வருசம் ஆச்சு. போன புதன்கிழமை திண்டுக்கல்லுல இருந்து கட்டுன துணியோட வந்தா. எடது கை மடக்க முடியல.”

“போலீசுல சொல்லலீங்களா?”

“சொன்னமுங்க. ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி, அனுசரிச்சுப் போங்கன்னு அனுப்பிச்சு விட்டாங்க. வீட்டுக்குப் போன பொறகுதான் இந்தக் கை.”

“வேற எங்கியும் எடம் இல்லீங்களா?”

“இவ புருசன் கிளமெண்ட் எங்க வீட்டுக் கதவ ரெண்டு தடவ வந்து தட்டிட்டான். எங்கக்கா வீடு அவனுக்குத் தெரியும். ஹாஸ்டல்னா பேரு, நம்பரு எல்லாம் பதியோணும். இங்கயும் ஒருநாள் பகல்ல வந்து எட்டிப் பாத்தான். இவ உலைக்குப் பின்னால இருந்தா. காம்ப்ளெக்ஸ் கடையில ராத்திரி ஒருத்தரும் தங்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியுமில்லீங்களா, அதனால மறுக்கா வரல.”

மருதாசலம் திரைச்சீலையை மறுபடி இழுத்துவிட்டார்.

“நான் மேல வரவே இல்லன்னு வெச்சுக்குங்க. எதையும் பாக்கவும் இல்ல. அம்மிணி எத்தன நாள் வேணும்னாலும் இருக்கட்டும்.”

பிலோமினா கையைத் துடைத்தாள். “நீங்க பாக்காம இருந்தாப் போதுமாங்ண்ணா? செவுரு பாத்துருச்சே.”

அது உண்மை. கட்டடத்தின் ஒவ்வொரு சுவரிலும் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருவி பதித்திருந்தார்கள். அது படம் எடுக்காது, பேச்சைக் கேட்காது. அறைக் காற்றில் எத்தனை பேருடைய மூச்சு கலந்திருக்கிறது, தரையில் எத்தனை பேருடைய நடை அதிர்கிறது என்று மட்டும் கணக்கிடும். தீ விபத்து நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்று அறியத்தான் முதலில் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கடை வாடகை ஒப்பந்தங்களைத் தானாகவே நிறைவேற்றும் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சரத்தும் கட்டடத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. சாட்சியும் அதுவே, நீதிபதியும் அதுவே, கதவைப் பூட்ட வரும் அமீனாவும் அதுவே. நடுவன் என்று பெயர் வைத்தார்கள். ஏழு நாளில் குறை தீராவிட்டால் எட்டாம் நாள் மின்சாரம் நிற்கும், கதவு மூடும். உள்ளே இருக்கும் இயந்திரங்கள் உள்ளேயே இருக்கும். வழக்கு இல்லை, வாய்தா இல்லை.

மருதாசலம்தான் அந்தத் தெருவில் முதலில் கையெழுத்துப் போட்டவர். அதற்குக் காரணம் இருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் ஒப்பந்தம் முடிந்தும் பதினோரு வருடம் காலி செய்யவில்லை. கீழ்க் கோர்ட், மேல் கோர்ட், மறுபடி கீழ்க் கோர்ட். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மருதாசலத்தின் மனைவி ருக்குமணி டிபன் கேரியரோடு அவருடன் போவாள், வராந்தாவில் காத்திருப்பாள், திரும்பி வருவாள். இரண்டு வாய்தாக்களுக்கு நடுவில் ஒருநாள் அவள் இறந்துபோனாள். கடை கைக்கு வந்தபோது மருதாசலம் தனியாக நின்று ஷட்டரைத் தூக்கினார். அடுத்த மாதம் புதுச் சட்டம் வந்தது. இனி யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று அவருக்கு அப்போது அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அன்று மதியமே அவர் வக்கீல் வான்மதியைப் பார்க்கப் போனார். ஒப்பந்தங்களை எல்லாம் எழுதியவள் அவள்தான்.

“ஓனர் நானு. எனக்கே ஆட்சேபண இல்லைங்கறேன். அப்பறம் அதுக்கு என்ன வந்துச்சு?”

வான்மதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முன்னெல்லாம் அப்படித்தாங்க சார். வாடகைக்காரர் ஏதோ மீறிட்டாரு, ஓனர் தெரிஞ்சும் பேசாம இருந்துட்டாருன்னா, அது சம்மதம்னு கோர்ட்டு எடுத்துக்கும். பாதி வழக்கு அதுலயே விழுந்துரும். ஓனருங்க எல்லாம் புலம்புனாங்க, நாங்க பாவம் பாத்தது எங்களுக்கே எதிராத் திரும்புதுன்னு. அதனால புதுச் சட்டத்துல அதைத் தனி உரிமையா ஆக்கிட்டாங்க. விட்டுக்கொடுப்பு உரிமை. வேணும்னா வெச்சுக்கலாம், வேண்டாம்னா எழுதிக் குடுத்துரலாம்.”

“அப்ப அதப் போட்டு விடு.”

“நீங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க சார்.”

“நானா? எப்ப?”

அவள் எதையோ தொட்டாள். மருதாசலத்தின் குரலே அறையில் கேட்டது. ஆறு வருடத்துக்கு முந்தைய குரல். ‘அந்த உரிமையே எனக்கு வேண்டாம்மா. ஒருத்தருக்கும் பாவம் பாக்கற வேல இனி வேண்டாம். பாத்தது போதும்.’

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ருக்குமணி போய் ஆறு மாதம்கூட ஆகாத சமயம் அது.

“இப்ப மாத்த முடியாதா?”

“இன்னும் ஒம்பது வருசம் இருக்கு. அதுக்குள்ள மாத்தணும்னா பதினாலு கடைக்காரங்களும் சம்மதிக்கோணும். கேட்டுப் பாருங்க. ஆனா ஒருத்தருக்கு மட்டும் ஏன்னு கேப்பாங்க. ஏன்னு நீங்க சொல்ல முடியுமா?”

சொல்ல முடியாது. சொன்னால் பெனிட்டா எங்கே இருக்கிறாள் என்று பதினான்கு கடைக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி இரண்டாம் தளத்துக்குப் போய், வக்கீலிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிலோமினா தலையாட்டினாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள் போல நின்றாள். பிறகு, “காப்பி குடிக்கறீங்களாங்ண்ணா?” என்று கேட்டாள்.

புதன்கிழமை வான்மதியே கூப்பிட்டாள். ஒரு வழி இருந்தது. கட்டடக் காவலுக்கென்று உரிமையாளர் நியமிக்கும் ஆள் ஒருவர் இரவு தங்கலாம். அது வசிப்பு ஆகாது, வேலை. பெனிட்டாவை இரவுக் காவலராக நியமித்தால் மஞ்சள் வரி தானே பச்சையாகிவிடும்.

“பிலோமினா பேர்ல போட முடியாதா?”

“வாடகைக்காரரக் காவலராப் போட முடியாதுங்க. அப்பறம், நடைய வெச்சு அது ஆளக் கண்டுபிடிச்சிரும். தங்கறவங்க பேர்தான் இருக்கோணும். பேரு பதிவேட்டுல ஏறும் சார், அதையும் சொல்லிட்டேன்.”

மருதாசலம் மூன்றாம் முறையாக மேலே போனார். இந்தத் தடவை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. விஷயத்தைச் சொன்னார்.

“பேரு வெளிய தெரியுமாங்ண்ணா?” என்று பிலோமினா கேட்டாள்.

“பதிவேட்டுல இருக்கும். அதையெல்லாம் யாரும்மா உக்காந்து படிச்சிட்டிருக்காங்க. நம்ம ஊர்ல மட்டும் லட்சம் கட பதிஞ்சிருக்கு.”

பெனிட்டா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, “வேற வழி ஏதாவது இருக்குதுங்களா மாமா?” என்று கேட்டாள்.

“இதுதாங் கண்ணு இருக்கற வழி.”

அவள் தலையசைத்தாள். கைபேசியின் முன் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, வலது கையால் கையெழுத்துப் போட்டாள். மருதாசலம் நியமிப்பவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். கீழே இறங்கி வாசலுக்கு வந்தபோது ஒன்பதாவது வரி பச்சையாக மாறியிருந்தது. அன்று சாயங்காலம் அவர் நீண்ட நாளைக்குப் பிறகு கடைவீதியில் நடந்து போய் மல்லிகைப்பூ வாங்கி ருக்குமணியின் படத்துக்குப் போட்டார். ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்ற நினைப்பு அவரைத் தூங்க விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளமெண்ட் வந்தான்.

மருதாசலம் வாசலில் கண்ணாடி துடைக்கும் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆப்பிள் பை. முதலில் யாரென்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னான். கல்யாண மேடையில் பார்த்த முகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“ரொம்ப நன்றிங்க சார்,” என்றான்.

“எதுக்குங்க?”

“ஒய்ஃபைக் காணாம ஒம்பது நாளா அலைஞ்சிட்டிருந்தேன். நீங்கதான் சார் சொன்னீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்களே.”

அவன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். பதிவேட்டில் யாருடைய பெயரை வேண்டுமானாலும் கொடுத்து வைக்கலாம். அந்தப் பெயர் எங்காவது ஏறினால் தகவல் வரும். வாடகைக்காரர்களை ஏமாற்றும் உரிமையாளர்களைப் பிடிக்க அப்படி ஒரு வசதி. திரையில் பெனிட்டாவின் பெயர் இருந்தது, கட்டடத்தின் முகவரி இருந்தது. அதற்குக் கீழே, நியமித்தவர்: அ. மருதாசலம். புதன்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்த நேரம்.

“ரெண்டு நாளா லீவு கெடைக்கல சார். இல்லன்னா அன்னிக்கே வந்திருப்பேன்.”

மருதாசலம் கைபேசியிலிருந்து கண்ணை எடுத்தார். “அவங்க இன்னிக்கு இல்லீங்க,” என்றார்.

“பரவால்லீங்க. உக்காந்திருக்கேன்.”

அவன் உள்ளே திரும்பினான். மருதாசலம் அவனை முந்திக்கொண்டு போய் வாசல் ஷட்டரின் பொத்தானை அழுத்தினார். ஷட்டர் இடுப்பளவு இறங்கி நின்றது. பிறகு தானாகவே மேலே ஏறியது. ‘வியாபார நேரம். வருவோரைத் தடுக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை’ என்று நடுவனின் குரல் நிதானமாகச் சொன்னது. அந்தச் சரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கடையைப் பிடுங்க நினைக்கும் உரிமையாளர்கள் முன்கதவைப் பூட்டி வாடிக்கையாளர்களை விரட்டுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. எந்தச் சரத்தை எடுத்தாலும் அதற்குப் பின்னால் நியாயமான மனிதர் ஒருவர் பட்ட பாடு இருந்தது.

மருதாசலம் மாடிப்படியின் குறுக்கே போய் நின்றார். கிளமெண்ட் அவரைப் பார்த்து வருத்தத்தோடு சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறினான்.

அவர் மூச்சிரைக்க இரண்டாம் தளத்தை எட்டியபோது அவன் லேப்பில் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆப்பிள் பை மேசைமேல் இருந்தது. ஒரு டாக்டரின் ஆள் அச்சு கொடுக்க வந்து ஓரமாக நின்றிருந்தார். பெனிட்டா உலை அறையின் வாசலில் நின்றிருந்தாள். ஒளிந்துகொள்ள நேரம் இருந்திருக்கவில்லை.

“வேலைக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல அத்த,” என்று அவன் பிலோமினாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் கோபமே இல்லை. “சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவ்வளவுதான். இங்கயே வேல பாக்கட்டும். நானும் தெனம் வந்து உக்காந்துக்கறேன். கடைதானே, யாரு வேணாலும் வரலாம்.”

பிலோமினா ஒரு அச்சைக் கையில் பிடித்திருந்தாள். யாருடைய மேல்வரிசைப் பல்லோ. அது கை நழுவிக் கீழே விழுந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தம்பி, போலீசக் கூப்புடுவேன்,” என்றார் மருதாசலம்.

“கூப்புடுங்க சார். புருசன் பொண்டாட்டியப் பாக்க வந்திருக்கேன். ஆப்பிள் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

அவர் கூப்பிட்டார். யாராவது அடித்தார்களா, ஏதாவது உடைந்ததா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வண்டி வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

அதற்குள் பெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கடி போற?” பிலோமினா தரையிலிருந்தே கேட்டாள்.

“போறேம்மா. தெனம் இவரு வந்து இங்க உக்காந்திருந்தா நீ எப்படி வேல பாப்ப?”

“வேல கெடக்குது. நீ போகாத.”

“பரவால்லம்மா.” அவள் மருதாசலத்தைத் தாண்டும்போது நின்றாள். “வேலைய விட்டு நின்னுட்டேன்னு போட்டுருங்க மாமா. இல்லன்னா காவலுக்கு ஆள் வரலன்னு மறுபடியும் அம்மாவுக்கு நோட்டீஸ் வந்துரும்.”

கிளமெண்ட் அவளுக்காக லிஃப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போலீஸ் வண்டி ஒன்றரை மணிக்கு வந்தது. மருதாசலம் நடந்ததைச் சொன்னார். பெண் தானாக நடந்துதானே போனாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் முதல் தேதி, ஆறு வருடம் ஒரு மீறலும் நிலைக்காத வளாகம் என்று நடுவன் வாசல் திரையில் ஒரு பாராட்டுச் சான்று ஏற்றியது. அதை எடுக்க வழியிருக்கிறதா என்று அவர் வான்மதியிடம் கேட்டார். இல்லை என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் பிலோமினா கடையைக் காலி செய்தாள். உலையை ஒரு டாக்டர் வாங்கிக்கொண்டார். மற்ற சாமான்கள் மினி லாரியில் ஏறின. மருதாசலம் மேலே போனபோது அறை காலியாகி, சுவரில் அலமாரி இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அவள் ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்த ஜெபமாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போறீங்க?”

“திண்டுக்கல்லுக்குங்ண்ணா. அவங்க வீட்டுக்கு நேர் எதிர்ல ஒரு ரூம் கெடச்சிருக்கு.”

“உள்ள விடறானா?”

“இல்லீங்க. எதிர்ல இருந்தா சத்தம் கேக்குமில்ல. ஓடிப் போய்க் கதவத் தட்டலாம். நான் இருக்கேன்னு அவனுக்கும் தெரியுமில்ல.”

மருதாசலம் ஜன்னல் பக்கம் வந்தார். இரண்டு மாதமாகச் சொல்ல நினைத்ததை எப்படியோ ஆரம்பித்தார். “நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேனுங்கம்மா. வக்கீலப் பாத்தேன், பத்திரத்தப் பாத்தேன். சட்டம் எடம் குடுக்கல. நம்ம கையில ஒண்ணும் இல்லாமப் போச்சு.”

பிலோமினா ஜெபமாலையைப் பையில் வைத்தாள். அவள் பேச ஆரம்பித்தபோது குரலில் குற்றம் சாட்டுகிற சாயல் எதுவும் இல்லை. நெடுநாள் யோசித்து, இனி யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்ட விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“சட்டம் கடைக்குத்தானேங்ண்ணா. வீட்டுக்கு இல்லையே.”

“எந்த வீட்டுக்கு?”

“உங்க வீட்டுக்குத்தான். சிங்காநல்லூர் வீடு. உங்க பொண்ணு கனடா போன பொறகு மாடி சும்மாதானே கெடக்குது. அந்த வாரத்துல, அவன் வரதுக்கு முன்னால, மூணு தடவ கடைக்கு வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் அதச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு. நாமளா எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்.” பையின் வாயை இழுத்து மூடினாள். “நான் கேட்டிருக்கோணும்.”

கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பிலோமினா பையைத் தூக்கிக்கொண்டு, “வரேங்ண்ணா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவர் சாயங்காலம் நான்கு மணிக்கே வீட்டுக்குத் திரும்பினார். சாவிக்கொத்தைத் தேடியெடுத்து மாடிக்கு ஏறினார். அந்தக் கதவைத் திறந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். அந்த வாரம் முழுவதும், ஒரு நிமிடம்கூட, இந்த அறைகள் அவர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

உள்ளே ஒரு கட்டில், உறை போட்ட மெத்தை, ஒரு மேசை. சுவர்கள் வெறும் சுவர்கள். குழாயைத் திருகினார். முதலில் துருவாகவும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. மின்விசிறி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. எதையும் பழுது பார்க்க வேண்டியிருக்கவில்லை.